பல்கலைக்கழகத்தின் பின்வாசல்: ஒரு திருப்பூர்க்காரன் போடும் மார்க்

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். முன்வாசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் இரண்டுதான் கொடுத்திருப்பேன்.

கோவைப் பக்கம் உள்ள ஒரு பல்கலைக்கழகம். பெயரைப் போடப் போவதில்லை. மகள் அங்கே எம்.எஸ்சி. படிக்கிறாள், படிப்பு முடிய இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு மேல் காரணம் வேண்டாம். பாடம் எப்படி, வேலை கிடைக்குமா, விடுதியில் கொசு உண்டா என்றெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது வேறு சங்கதி. சேர்க்கையின்போது கொடுத்த வழவழப்பான புத்தகத்தில் ‘பசுமை வளாகம்’ என்று தனியாகச் சில பக்கங்கள் இருந்தன. கழிவுநீர் முழுவதும் மறுசுழற்சி, கூரையெல்லாம் சூரிய மின்சாரம், குப்பையில்லாத விடுதி, உலகத் தரவரிசையில் இடம். இதையும் காட்டித்தானே ஆள் சேர்க்கிறார்கள்? அப்படியானால் இதுவும் நாம் காசு கொடுத்து வாங்கிய சரக்குதான். பனியன் வாங்கினால்கூட உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பது எங்கள் ஊர்ப் புத்தி. அதே புத்தியோடுதான் பெற்றோர் நாளன்று போனேன்.

பார்ப்பதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் (சி.ஈ.டி.பி.) ஒன்றில் ஷிப்ட் பார்க்கிறவன் நான். நொய்யலில் எங்கள் ஊர்ச் சாயம் ஓடியதும், அது ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியதும், ஆற்றை நம்பிய விவசாயிகள் வழக்குப் போட்டதும் இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கதை. சொட்டுக் கழிவுகூட வெளியே போகக் கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சொன்னபடி நடக்கவில்லை என்றதும், 2011 ஜனவரியில் பட்டறைகளை மொத்தமாக மூடச் சொல்லிவிட்டது. அந்த வருஷம் திருப்பூரில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இன்றைக்கு எங்கள் நிலையத்தில் உள்ளே வரும் தண்ணீர், ஆர்.ஓ.வில் திரும்பக் கிடைக்கும் தண்ணீர், ஆவியாக்குவதற்காக எவாப்பரேட்டருக்குப் போகும் உப்புத்தண்ணீர் எல்லாவற்றுக்கும் மீட்டர் இருக்கிறது. கணக்கு இடித்தால் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் அடிபட்டுத் திருந்தியவர்கள். பல்கலைக்கழகத்தை யாரும் அப்படி அடிக்கவில்லை. தானாகவே செய்கிறேன் என்கிறது. தானாகச் செய்கிறவர்கள் கணக்கை எப்படி வைத்திருக்கிறார்கள்? நான் பார்க்கப் போனது அதைத்தான்.

வரவேற்பறைச் சுவர் நிறையச் சான்றிதழ்கள். அதில் பெரியது கிரீன்மெட்ரிக். இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010-இல் தொடங்கிய தரவரிசை அது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விவரத்தைத் தானே நிரப்பி, படமும் சான்றும் ஏற்ற வேண்டும். 2024 பட்டியலில் வளாக அமைப்புக்கு 15 சதவீதம், மின்சாரமும் பருவநிலையும் 21, குப்பைக்கு 18, தண்ணீருக்கு 10, போக்குவரத்துக்கு 18, கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் 18. கொங்கு நாட்டுக்காரன் எவனாவது இந்தப் பட்டியலைப் போட்டிருந்தால் தண்ணீருக்கு 30 ஒதுக்கியிருப்பான். பக்கத்திலேயே, கல்லூரிகளுக்குத் தரம் போடும் ‘நாக்’ அமைப்பின் மதிப்பீட்டுக்காகச் செய்த பசுமைத் தணிக்கைச் சான்று, கண்ணாடிச் சட்டத்துக்குள். இவற்றை நான் குறை சொல்லவில்லை. விவரம் நிரப்ப வேண்டும் என்பதற்காகவாவது யாரோ ஒருவர் வளாகத்தைச் சுற்றி வந்து எண்ணியிருப்பார். ஆனால் சான்றிதழைப் பார்த்து மார்க் போடுவதாக இருந்தால் நான் திருப்பூரிலேயே இருந்திருக்கலாம்.

சுற்றிக் காட்ட வந்த மாணவர்கள் மூலிகைத் தோட்டம், பட்டாம்பூச்சித் தோட்டம், சோலார் பலகை என்று வரிசையாகக் கூட்டிப் போனார்கள். கழிவுநீர் நிலையம் எங்கே என்று கேட்டதும் அந்தப் பையன் தயங்கினான். “அங்க வேண்டாங்க அங்கிள், ஸ்மெல் வரும்.” மகள் சிரித்துக்கொண்டே, “எங்க அப்பாவுக்கு அந்த ஸ்மெல்தான் வேணும், காட்டுங்க” என்றாள்.

விடுதிகளுக்குப் பின்னால், மதிலை ஒட்டி இருந்தது எஸ்.டி.பி. என்கிற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். நல்ல நிலையத்துக்கு ஒரு வாசம் உண்டு. மழை பெய்த தோட்டத்து மண் வாசம் மாதிரி லேசாக வரும். காற்றுத் தொட்டியில் தண்ணீர் பழுப்பாகக் கொப்பளிக்க வேண்டும். கறுத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை, புளோயர் சரியாக ஓடவில்லை என்று அர்த்தம்; கரண்ட் பில்லைக் குறைக்க ராத்திரியில் புளோயரை அணைத்து வைக்கிற இடங்களில் அந்த நாற்றத்தை நான் நிறைய முகர்ந்திருக்கிறேன். இங்கே பழுப்புத்தான், மண் வாசம்தான். ஆபரேட்டர் பையன் எட்டிப் பார்த்தான்.

“எந்த ஊருங்க தம்பி?”

“காங்கயம் பக்கமுங்க. நீங்க?”

“திருப்பூருங்க. சி.ஈ.டி.பி.ல இருக்கறன்.”

அவ்வளவுதான், நாற்காலி வந்துவிட்டது. ஒரு லிட்டர் சிலிண்டரில் காற்றுத் தொட்டித் தண்ணீரைப் பிடித்து வைத்தான். அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் கசடு கீழே படியும். 300 மில்லிக்கு முன்னப்பின்னப் படிந்து, மேலே தெளிந்த தண்ணீர் நின்றால் கல்ச்சர், அதாவது கழிவைத் தின்னும் பாக்டீரியாக் கூட்டம், நன்றாக இருக்கிறது. படியாமல் மிதந்தால் சிக்கல். எந்த லேப் ரிப்போர்ட்டையும் விட நான் நம்புகிற பரிசோதனை இதுதான். அவன் தினமும் இரண்டு வேளை செய்து நோட்டில் எழுதுகிறான். எழுத்து கோழிக்கிறுக்கல், ஆனால் ஒரு நாளும் விடுபடவில்லை. புரட்டிப் பார்த்தேன். ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதிய நோட்டுக்கும், நாளுக்கு நாள் எழுதிய நோட்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். இது இரண்டாவது ரகம்.

பல்கலைக்கழக எஸ்.டி.பி.க்கு எங்களுக்கு இல்லாத ஒரு தலைவலி இருக்கிறது: செமஸ்டர் லீவு. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால் கழிவுநீர் வரத்து நின்றுபோகும். தொட்டியில் இருக்கும் பாக்டீரியாவுக்குச் சோறு அதுதான். வராவிட்டால் பட்டினியில் சாகும். லீவு முடிந்து எல்லாரும் ஒரே நாளில் திரும்பி வரும்போது அத்தனை கழிவையும் தின்ன ஆள் இருக்காது, அந்த வாரம் வெளியே வருவது பாதிச் சாக்கடை. அதனால் லீவில் கல்ச்சருக்கு வெல்லக் கரைசலும் சாணியும் போட்டு உயிரோடு வைத்திருக்க வேண்டும். இந்தப் பையன் அதைச் செய்கிறான். முதல் வருஷம் கவுந்தப்பாடியிலிருந்து கழிவுச் சர்க்கரை வரவழைத்துப் பில் வைத்தானாம். சாக்கடைக்கு எதற்குச் சர்க்கரை என்று எழுதி, அக்கவுண்ட்ஸ் பிரிவு பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டது. “அப்புறம் வெறும் சாணிக்கு மாறிட்டனுங்க. சாணிக்குப் பில் கேக்க மாட்டாங்க” என்றான். பிறகு நுண்ணுயிரியல் துறைப் பேராசிரியை ஒருவர் ஒரு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்த பின்தான் சர்க்கரைக்கு அனுமதி கிடைத்ததாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான். எங்கள் நிலையத்துக்குப் பக்கத்தில் நுண்ணுயிரியல் துறை கிடையாது. இங்கே இருக்கிறது, அதைப் பயன்படுத்தவும் செய்கிறார்கள். சுத்திகரித்த தண்ணீரை வாராவாரம் பிள்ளைகளே எடுத்துப் போய் பி.ஓ.டி. பார்க்கிறார்கள்; தண்ணீரில் மிச்சமிருக்கும் அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் இழுக்கின்றன என்ற கணக்கு அது. 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கிற முறை. மகளின் வகுப்புக்கு அது செய்முறைப் பாடம், ஆபரேட்டருக்கு அது ரிப்போர்ட். ஒரே வேலை, இரண்டு பேருக்குப் பயன். எஸ்.டி.பி.யை ஓட்டுவதற்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து.

சரி, சுத்தமான தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது? மார்க் குறைய ஆரம்பிப்பது இங்கேதான். நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 45 லிட்டர் கழிப்பறைக்கு என்பது கட்டடக்காரர்கள் வழக்கமாக வைக்கும் கணக்கு. 5,000 பேர் தங்கும் விடுதி என்றால் மொத்தம் 6.75 லட்சம் லிட்டர், கழிப்பறைக்கு மட்டும் 2.25 லட்சம். அந்த 2.25 லட்சத்துக்கு நல்ல தண்ணீர் தேவையே இல்லை, சுத்திகரித்ததே போதும். ஆனால் அதற்குக் கட்டடத்துக்குள் இரண்டு குழாய் வரிசை வேண்டும். புதிய விடுதிகளில் இருக்கிறது. பழைய விடுதிகளில் ஒரே வரிசைதான். சுவரை உடைத்து மாற்றச் செலவாகும், மாற்றவில்லை. மிச்சத் தண்ணீர் தோட்டத்துக்கு. கோடையில் தோட்டம் குடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது தோட்டத்துக்கு எதற்குத் தண்ணீர்? கேட்டேன். பையன் மதிலுக்குப் பின்னால் ஓடையைப் பார்த்தான், பதில் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, அவனுக்கு வேலை முக்கியம்.

சுத்திகரித்த நல்ல தண்ணீர் ஓடைக்குப் போவது பெரிய குற்றம் ஒன்றுமில்லை. சாயத்தண்ணீர் விட்ட ஊர்க்காரன் அதைச் சொல்லவும் முடியாது. ஆனால் ‘முழுவதும் மறுசுழற்சி’ என்று அச்சடித்துவிட்டு, திரும்பிப் போகும் குழாயில் மீட்டரே வைக்கவில்லை. உள்ளே வருவதற்கு ஒரு மீட்டர் இருக்கிறது, வெளியே போவதற்கு இல்லை. வரவு எழுதி, செலவு எழுதாத கணக்கு. போதாததற்குப் பின்கேட்டில் டேங்கர் லாரி வந்து போன சக்கரத் தடம். கோடையில் வெளியிலிருந்து தண்ணீர் வாங்குகிறார்கள் என்று மகளே சொன்னாள். எந்தத் தோட்டத்துப் போர்வெல்லிலிருந்து அந்தத் தண்ணீர் வருகிறதோ, அந்த ஊர் நிலத்தடி நீரையும் இந்த வளாகத்தின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். எந்தப் பலகையிலும் அது இல்லை.

இதையெல்லாம் சொன்ன பிறகு ஒரு கிணற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்தில், இந்த இடம் தோட்டமாக இருந்த காலத்துக் கிணறு ஒன்றை மூடாமல் வைத்திருக்கிறார்கள். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கக் கவலை ஓட்டிய கல்தூண்கள்கூட அப்படியே நிற்கின்றன. தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எல்லாரும் மூன்றடிக் குழி தோண்டி, ஜல்லி கொட்டி, சிமென்ட் மூடி போட்டுவிட்டு மறந்தார்கள். இங்கேயும் அப்படிக் குழிகள் இருக்கின்றன. ஆனால் நூலகம், ஆய்வகம், கலையரங்கம் மூன்றின் கூரைத் தண்ணீரையும் ஒரு வடிகட்டித் தொட்டிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இந்தக் கிணற்றில் விட்டிருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். கோவையில் வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும், ஆயிரம் சதுர மீட்டர் கூரைக்கு ஆறு லட்சம் லிட்டர். எட்டிப் பார்த்தபோது கண்ணுக்கு எட்டும் ஆழத்தில் தண்ணீர் கிடந்தது. கிணற்றுச் சுவரில் அடிக்கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். மாதாமாதம் அளவு எடுக்கிறார் மண்ணியல் ஆசிரியர் ஒருவர். அவரை நேரில் பார்க்கக் கிடைக்கவில்லை, பார்த்திருந்தால் கும்பிட்டிருப்பேன்.

மெஸ்ஸுக்கு வருவோம். கை கழுவும் இடத்துக்கு முன்னால் ஒரு தராசு. தட்டில் மிச்சம் வைத்ததை அதன் மேலுள்ள டிரம்மில்தான் கொட்ட வேண்டும். நேற்று எத்தனை கிலோ வீணானது என்று பக்கத்துக் கரும்பலகையில் சாக்பீஸில் எழுதியிருக்கிறது. திட்டு, அபராதம், பசித்த குழந்தையின் படம் எதுவும் கிடையாது, எண் மட்டும். இது வேலை செய்கிறது என்று மெஸ் மாஸ்டர் சொன்னார். எந்த நாளில் அதிகம் வீணாகிறது என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிகிறது. ரவை உப்புமா நாள்தான் உச்சம். அரிசிம்பருப்புச் சாதமும் தேங்காயெண்ணெயும் போடுகிற நாளில் டிரம் அடிகூட நிறைவதில்லை. அதைப் பார்த்து உப்புமாவை வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறைத்துவிட்டாராம். சுற்றுச்சூழல் கொள்கை என்று எந்தப் புத்தகத்திலும் இது வராது. ஆனால் குப்பையைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை: பிள்ளைகள் சாப்பிடுகிற மாதிரி சமைப்பது.

மிச்சம் சாண எரிவாயுக் கலத்துக்குப் போகிறது. நன்றாக ஓடும் கலத்தில் நாளுக்கு 100 கிலோ சோற்றுக் கழிவு போட்டால் சுமார் 10 கன மீட்டர் வாயு கிடைக்கும். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 450 கிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமம். அப்படியானால் நாலு நாளைக்கு ஒரு 19 கிலோ வணிக சிலிண்டர் மிச்சம். எலுமிச்சைத் தோல், வாழை இலை, முட்டை ஓடு இவற்றைப் போட்டால் கலம் முரண்டு பிடிக்கும், அவற்றைத் தனியாகப் பிரித்து உரக்குழியில் போடுகிறார்கள். பிரிப்பதற்கு நிற்கும் அம்மாக்களுக்குக் கையுறை இருந்தது, பூட்ஸ் இருந்தது. நான் முதலில் அதைத்தான் பார்த்தேன். கலத்திலிருந்து வரும் கரைசல் தென்னைக்குப் போகிறது. தேங்காய் மெஸ்ஸுக்கே வந்துவிடுகிறது.

காய்ந்த குப்பை கொஞ்சம் சுமார்தான். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் இடங்கள், மொத்தமாகக் குப்பை உண்டாக்குகிறவர்கள் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளில் தனியாகவே சொல்லப்பட்டார்கள். பிரிப்பது அவர்கள் பொறுப்பு. வகுப்பறைப் பக்கம் பிரிக்கிறார்கள். கேன்டீன் பக்கம், ஆன்லைனில் வாங்கிய பார்சல் அட்டையும் டேப்பும் தெர்மாகோலும் மலைபோல் கிடக்கின்றன. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கேன்டீனில் கப்பும் ஸ்ட்ராவும் இல்லை, டீ சில்வர் டம்ளரில்தான் தருகிறார்கள். ஆனால் தண்ணீர் பாட்டில் விற்பனை ஜோராக நடக்கிறது, அதுவும் ஆர்.ஓ. குழாய்க்கு எதிரிலேயே. வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு 2024 ஏப்ரலில் பற்றி எரிந்தபோது கோவையே புகையை முகர்ந்தது. அங்கே போகிற லாரியில் இந்த வளாகத்தின் பங்கும் இருக்கும். பழைய கம்ப்யூட்டர்களைப் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம் ரசீதோடு ஒப்படைக்கிறார்கள், அதில் குறையில்லை.

மின்சாரம். கூரையெல்லாம் பலகை என்பது உண்மைதான். நம் பக்கம் ஒரு கிலோவாட் பலகை ஒரு நாளைக்குச் சுமார் நாலு யூனிட் தரும், தூசி துடைத்து வைத்திருந்தால். துடைத்து வைத்திருக்கிறார்கள், படி ஏறிப் பார்த்தேன். கீழே ஒரு டிஜிட்டல் பலகை, “இதுவரை நாம் காப்பாற்றிய மரங்கள்” என்று ஏதோ லட்சக்கணக்கில் காட்டுகிறது. எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான். எத்தனை யூனிட் உற்பத்தி, எத்தனை யூனிட் செலவு, இரண்டையும் போடு. மரக்கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். மின்வாரியக் கம்பியில் வரும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்துப் பெருக்கினால் முடிந்தது.

அந்தக் கணக்கைக் கேட்டால் வேறொன்றும் தெரிய வரும். விடுதி என்பது ராத்திரியில் விழிக்கும் ஊர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் விளக்கு, ஃபேன், லேப்டாப், அயர்ன் பாக்ஸ் எல்லாம். சூரியன் அப்போது இல்லை. மே மாதத்தில் வெயில் கொளுத்தும்போது பிள்ளைகள் இல்லை. எங்கள் ஊர் மில்காரர்கள் இந்தச் சிக்கலுக்கு எப்போதோ வழி கண்டார்கள்: பல்லடம், உடுமலை, பூளவாடிப் பக்கம் காற்றாலை வாங்கி, மின்வாரியக் கம்பி வழியாகவே மில்லுக்குக் கொண்டுவருவது. பாலக்காட்டுக் கணவாயில் ஆனி, ஆடியில் வருகிற காற்று ராத்திரி என்று பார்ப்பதில்லை. கணவாய்க் காற்றடிக்கும் ஊரில் இருந்துகொண்டு காற்றைப் பற்றி யோசிக்காமல் இருப்பது எனக்கு விளங்கவில்லை. ஃபேன்களை மாற்றுகிறார்கள், அது நல்லது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், புதிய பி.எல்.டி.சி. 30 வாட்டுக்குப் பக்கம். ஆனால் எங்களை உட்கார வைத்த கலையரங்கில் ஏ.சி. 18 டிகிரி. மேடையில் கோட் போட்டவர்கள் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசினார்கள், கீழே அம்மாக்கள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டார்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது. 24-இல் வைக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

ஏ.சி.யைவிடப் பெரிய தீனிக்காரனை மகளின் ஆய்வகத்தில் பார்த்தேன். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர். ஒன்று, நாளொன்றுக்கு 15 முதல் 20 யூனிட் இழுக்கும். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் தருகிறார்களே, அதை இது ஒரே வாரத்தில் தின்றுவிடும். “உள்ள என்ன கண்ணு இருக்குது?” என்றேன். “எங்க சீனியருங்க சாம்பிள்ப்பா. பாதிக்கு மேல யாருதுன்னே தெரியாது.” படித்து முடித்துப் போனவர்களின் மாதிரிகள், பெயர் அழிந்துபோன குப்பிகளில். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்து, வேண்டாததைக் கழித்து, இரண்டு ஃப்ரீசரை ஒன்றாக்கினால் பல பலகைகள் போட்டதற்குச் சமம். துறைத் தலைவரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். “நீங்க சொன்னா செய்வாங்கப்பா, நான் சொன்னா மார்க் போயிரும்” என்கிறாள்.

பேருந்துகள் விஷயத்தில் தாராளமாகப் பாராட்டலாம். பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், அவிநாசி, திருப்பூர் எல்லாத் திசைக்கும் ஓடுகின்றன. திருப்பூருக்குப் போக வர 100 கிலோமீட்டர் என்று வையுங்கள். பேருந்துக்கு 25 லிட்டர் டீசல், லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் 67 கிலோ கரியமில வாயு. 50 பேர் உட்கார்ந்தால் தலைக்கு 1.3 கிலோ சொச்சம். அதே தூரம் பைக்கில் ஒற்றையாளாக வந்தால் 2 லிட்டர் பெட்ரோல், நாலரைக் கிலோவுக்கு மேல். ஆனால் மாலையில் கடைசிப் பேருந்து ஐந்து மணிக்கே கிளம்பிவிடுகிறது. ஆய்வகத்தில் ஏழு மணி வரை நிற்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பைக்தான். ஏழரைக்கு ஒரு வண்டி விட்டால் நிறுத்துமிடத்தில் பாதி காலியாகும். வளாகத்துக்குள் சைக்கிள் இருக்கிறது, பஞ்சர் ஒட்டத்தான் ஆள் இல்லை.

மரங்கள் நன்றாக இருக்கின்றன. புங்கன், வேம்பு, வாகை, இலுப்பை. நடப்பதற்கு நிழல். கெடுப்பது முகப்பில் இருக்கும் புல்தரை. ஒரு சதுர மீட்டர் புல்லுக்குக் கோடையில் நாளுக்கு 5 லிட்டர் ஊற்றினால், ஒரு ஏக்கருக்கு 20,000 லிட்டர். கிட்டத்தட்ட 150 பேர் பயன்படுத்தும் தண்ணீர், யாரும் கால் வைக்கக் கூடாத புல்லுக்கு. காங்கயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் யார் தண்ணீர் ஊற்றி வளர்கின்றன? அதைக் கொண்டுவந்து முகப்பில் வைத்தால் இந்த ஊர் எது என்றும் தெரியும், டேங்கரும் குறையும். எஸ்.டி.பி. பையனிடம் சொன்னேன். “எங்க அப்பாரு காட்டுல வெதை இருக்குதுங்க, கேட்டா கொண்டாந்து தர்றனுங்க” என்றான். கேட்கத்தான் ஆளில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் மூன்றரையில் நிற்பதற்குக் காரணம், மகளின் வகுப்பில் நடந்த ஒரு சங்கதி. வளாகத்தின் கரியமிலக் கணக்கைப் போடச் சொல்லி ஆசிரியர் ஒப்படைப்பு வேலை கொடுத்தார். பிள்ளைகள் மின்கட்டண பில்லும் டீசல் பில்லும் டேங்கர் பில்லும் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதினார்கள். அது அலுவலக ரகசியம் என்று பதில் வந்தது. கடைசியில் விளக்கையும் ஃபேனையும் தலை எண்ணி, உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டு மார்க் வாங்கினார்கள். உலகத் தரவரிசைக்கு அனுப்புகிற எண்ணைச் சொந்த மாணவர்களுக்குக் காட்டாமல் இருப்பது என்ன நியாயம்? தப்பு நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. காங்கயத்துப் பையனின் நோட்டு மேசை மேல் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டலாம். அந்த நோட்டுக்கு இருக்கும் தைரியம் மேலே ஏ.சி. அறையில் இருக்கும் ஃபைலுக்கு இல்லை, அவ்வளவுதான்.

பெற்றோர் கருத்துப் படிவத்தில் இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். எஸ்டேட் பிரிவிலிருந்து ஒரு பொறியாளர் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். திரும்பிப் போகும் குழாய்க்கும் ஓடைப் பக்கக் குழாய்க்கும் மீட்டர் மாட்ட மதிப்பீடு போட்டிருப்பதாகவும், ஏ.சி. விஷயத்தைக் கலையரங்கக்காரர்களிடம் சொல்வதாகவும் சொன்னார். டேங்கர் பற்றிக் கேட்டதற்கு, அது வேறு பிரிவு என்றார். மீட்டர் மாட்டி, அந்த எண் மரக்கணக்குப் பலகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அரை மார்க் கூட்டி நாலு என்று திருத்திவிடுகிறேன். பெற்றோர் நாளுக்குப் போகிறவர்கள் எஸ்.டி.பி.யைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். காலையில் பத்து மணிக்குள் போனால் சிலிண்டர் டெஸ்ட்டையும் பார்க்கலாம்.